மான்ஹோ சிரிக்கும் இடம்

எங்கள் மோக்போ ஊர்ச் சபையில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் படம் போடுவார்கள். பார்த்துவிட்டு, அதில் இயேசு எங்கே இருக்கிறார் என்று தேடுவது வழக்கம். ஹியோன் பாஸ்டர் ஆரம்பித்துவைத்தது. சின்ன வயசு, நல்ல பிள்ளை. தேடி அவருக்குக் கிடைக்காமல் போனதே இல்லை. அன்றைக்குப் பிணங்கள் எழுந்து வந்து ஆளைக் கடிக்கிற படம். கடைசியில் ஒருவன் மற்றவர்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டுத் தான் வெளியே நின்றான்.

"பாத்தீங்களா, நமக்காக வெளிய நின்னவரு!" என்றார் பாஸ்டர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கில்ஜா அழுதேவிட்டாள். அவளுக்குச் சோப்பு விளம்பரத்திலும் ஞானஸ்நானம் தெரியும்.

எனக்குப் படத்தில் மனசு ஒட்டவில்லை. என் வீட்டுக்காரர் மான்ஹோ போய் வருகிற சனிக்கிழமையோடு ஒரு வருஷம். டவுன் பஸ் ஓட்டினவர். ஞாயிறுதோறும் என்னைச் சபை வாசலில் கொண்டுவந்து விடுவார், உள்ளே மட்டும் வரமாட்டார். "ஆளை இறக்கி விடறதோட டிரைவர் வேலை முடிஞ்சுது" என்பார். கொழுப்பு. ஆஸ்பத்திரியில் கடைசி நாளில் ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். "காலையிலதானே நர்ஸம்மா குளிப்பாட்டி விட்டாங்க" என்றார்.

வருஷ நினைவுக்குச் சோறும் மதுவும் படைத்து விழுந்து கும்பிடலாம் என்றார் மச்சினர். சபைக்காரர்கள் கும்பிடுவதில்லை. வீட்டுக்கு வந்து பாட்டுப் பாடி ஜெபம் பண்ணுவார்கள். பாஸ்டர் இறந்தவரைப் பற்றி நாலு வார்த்தை பேசுவார். எனக்கு அந்த நாலு வார்த்தைதான் வேண்டியிருந்தது. மான்ஹோவும் கடவுளிடத்தில்தான் இருக்கிறார் என்று யாராவது ஒருத்தர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வருஷம் பூராவும் எனக்கு ஒரு வாய்ச் சோறு ஒழுங்காக இறங்கவில்லை.

காபி குடிக்கும்போது பாஸ்டரிடம் கேட்டேன். அவர் கப்பையே பார்த்தார்.

"குடும்பத்துக்கு ஆறுதலா ஒரு வசனம் வாசிச்சிடலாம்மா. அவரைப் பத்தின்னா... என்ன சொல்றதுன்னு தெரியல."

"வாசப்படி மிதிக்காத மனுஷன், ஒக்பூன் அக்கா" என்று கில்ஜா குறுக்கே வந்தாள். "இல்லாததைப் பாஸ்டர் எப்படிச் சொல்லுவாரு, பாவம்!"

எனக்குச் சுருக்கென்றது.

"ஏண்டி, கடிக்கிற பொணத்துப் படத்துல தேடினீங்க, கிடைச்சாருல்ல? என் புருஷன் அதைவிடக் கேடுகெட்டுப் போயிட்டாரா? அவருக்குள்ள ஒருத்தர்கூடத் தேட மாட்டீங்களா?"

நான் கப்பை வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். இறக்கிவிட்டவர் இருந்தால்தானே ஏற்றிக்கொள்ள.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாஸ்டர் தனியாக வந்தார். செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"அவருக்குப் பிடிச்ச படம் ஏதாவது இருக்காம்மா?"

இருந்தது. பழைய சிரிப்புப் படம் ஒன்று, ஒரு திருடனைப் பற்றி. கடைசிவரை அதையேதான் போட்டுப் போட்டுப் பார்த்தார். அதை எடுத்துப் போட்டேன். பாஸ்டர் சோபாவில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"இதுல எந்த இடம் அவருக்குப் பிடிக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. அவர் பார்க்கிற நேரமெல்லாம் நான் அடுப்படியில் இருப்பேன். சிரிப்பு மட்டும்தான் அங்கே வரும், பழைய பஸ் கிளம்புகிற மாதிரி.

"ஓட விடுங்க பாஸ்டர். நான் அங்க நின்னு கேட்டுச் சொல்றேன்" என்று உள்ளே போனேன்.

அடுப்படிக் குழாய்ப் பக்கம் நின்று காதைக் கொடுத்தேன். நாய் குரைத்தது. தட்டு ஒன்று விழுந்தது. அப்புறம் ஒரு கிழவர் தும்மினார். ஐயோ, இதுதான்! இந்தத் தும்மலுக்கு அப்புறம்தான்! ஓடிப்போய்ப் பார்த்தேன்.

திருட வந்தவன், தூக்கத்தில் தும்முகிற வீட்டுக்காரக் கிழவருக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தான். போர்த்திவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். திருட வந்த வீட்டிலும் பழக்க தோஷத்தில் செருப்பை வாசலில் கழற்றி வைத்திருந்தான் முட்டாள். இருட்டில் கிழவரின் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான்.

பாஸ்டர் முகம் மலர்ந்தது. "அம்மா, இந்தப் போர்வை இருக்கே, இதுதான்..." என்று ஆரம்பித்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

நான் சோபாவில் மான்ஹோ உட்காருகிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு வர வேண்டிய இடம் வந்து, போயும் விட்டது. படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில்கூட நான் அப்படி அழவில்லை.

பாஸ்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "நாளைக்கு நான் என்ன சொல்லட்டும்மா?" என்றார்.

"நீங்க ஒண்ணும் தேட வேணாம். மான்ஹோ இந்த இடத்துல சிரிப்பாருன்னு மட்டும் சொல்லி ஜெபம் பண்ணுங்க. மேல இருக்கறவரு ஆளை அடையாளம் கண்டுக்குவாரு."

தலையாட்டிவிட்டுப் போனார். நான் படத்தை முதலிலிருந்து போட்டேன். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய் ஓர் ஆளுக்கு அரிசி களைந்தேன்.