கார் பார்க்கிங்கைத் தாண்டிய வேட்டி

“ஏம்ப்பா, சாமிக்கு மட்டுந்தான் உங்க வேட்டி பிடிக்குமா?”

பிரீத்தி ஆறு வயதில் கேட்ட கேள்வி இது. கேட்ட இடம் அமெரிக்காவிலுள்ள லிவர்மோர் கோயிலின் கார் பார்க்கிங். தரிசனம் முடிந்து வந்த திருமூர்த்தி, திறந்து வைத்த கார்க் கதவின் மறைவில் நின்று, வேட்டியை அவிழ்க்காமலே அதற்குள் ஜீன்ஸை ஏற்றிக்கொண்டிருந்தார். பக்கத்துக் காரருகே ஒருவர் அதே வேலையில் இருந்தார். அதற்கடுத்த காரருகேயும் ஒருவர், ஒற்றைக் காலில் தள்ளாடியபடி. அந்தக் கோயிலுக்கு வருகிற ஆண்களில் பாதிப் பேருக்கு இது பழகிப்போன வித்தை. வேட்டி காரின் டிக்கியிலேயே குடியிருக்கும். சாமி முன்னால் அரைமணி நேரம் வெளிச்சம் பார்க்கும். பிறகு மறுபடி டிக்கிக்குள் போய்விடும்.

“அப்படியில்ல அம்மிணி. அடுத்தாப்புல கடைக்குப் போகோணுமில்ல,” என்றார் திருமூர்த்தி.

“ஸோ?” என்றாள் குழந்தை.

அவர் அவளைப் பின் இருக்கையில் உட்கார வைத்தார். பெல்ட்டை மாட்டிக்கொண்டு காரை எடுத்தார்.

அதற்குப் பிறகு பத்து வருஷம் ஓடிவிட்டது. மனைவி புஷ்பவல்லியின் கழுத்தில் ஒரு கட்டி வந்து, அறுவை சிகிச்சை செய்து, எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவுக்காகக் காத்திருந்த ஒரு நாள், சான் ஹோசே அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே திருமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். ‘பெருமாளே, அவளுக்கு ஒன்றுமில்லை என்று வந்தால், வருகிற புரட்டாசியில் சனிக்கிழமை எல்லாம் எழுந்ததிலிருந்து படுக்கிறவரைக்கும் இடுப்பில் வேட்டியைத் தவிர வேறொன்றும் உடுத்த மாட்டேன்’ என்று சொல்லிவிட்டார். குழந்தை கேட்டது எங்கேயோ மனதில் கிடந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நேரத்தில் வேட்டி எப்படி ஞாபகத்துக்கு வரும்?

ஒன்றுமில்லை என்றே முடிவு வந்தது. புஷ்பவல்லி பழையபடி பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சமைக்க ஆரம்பித்தாள். புரட்டாசியும் வந்தது.

சுலபமான வேண்டுதல் என்று அவர் நினைத்ததுதான் தப்பு. உடுமலைப்பேட்டையில் அவர் வளர்ந்த வீட்டில் புரட்டாசிச் சனி என்றால் விரதம், பூஜை, கோயில், மத்தியானத் தூக்கம். அதே நினைப்பில் வாக்குக் கொடுத்துவிட்டார். இந்த ஊரில் வாரம் முழுக்கத் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் வந்து விழுகிற நாள் சனிக்கிழமை என்பது, வார்த்தை வாயைவிட்டுப் போன பிறகுதான் உறைத்தது. மளிகை வாங்குவது சனி. நூலகம் சனி. குழாய் ஒழுகினால் கடைக்கு ஓடுவதும் சனி. எல்லாவற்றுக்கும் மேலே, பிளசன்டனில் பிரீத்தியின் வாலிபால் ஆட்டங்கள் நடப்பது சனிக்கிழமைதான்.

அலுவலக நண்பன் கிரீஷ், சென்னைக்காரன், விழுந்து விழுந்து சிரித்தான்.

“யோவ் மூர்த்தி, வீட்ல கட்டிக்கோ, கோயில்ல கட்டிக்கோ. நடுவுல வெளிய போறப்ப பேன்ட் போட்டுக்கோ. பெருமாள் வந்து செக் பண்ணப் போறாரா?”

“சொன்னது நானில்ல? எனக்குத் தெரியுமே கிரீஷ்.”

“அப்ப வெளிய போகாத. உடம்பு சரியில்லன்னு சொல்லி வீட்லயே படுத்துக்கோ.”

முதல் சனிக்கிழமை திருமூர்த்தி ஏறக்குறைய அப்படித்தான் செய்தார். மளிகைக்குப் புஷ்பவல்லியைத் தனியே அனுப்பினார். ஆட்டத்துக்கு மட்டும் மகளை அவர்தான் கூட்டிப்போக வேண்டியிருந்தது. பிரீத்தி பையை எடுத்துக்கொண்டு இறங்கியதும், “அப்பாவுக்கு ஆபீஸ் கால் இருக்குது அம்மிணி, நீ போ,” என்றார். காருக்குள் உட்கார்ந்திருந்தால் வேட்டியா பேன்ட்டா என்று யாருக்குத் தெரியும்? உள்ளேயிருந்து விசில் சத்தமும் கைதட்டலும் கேட்டுக்கொண்டிருந்தன. கைதட்டல் தன் மகளுக்கா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. கையில் வாட்ச்சைப் பார்ப்பதும், கண்ணாடி வழியே வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார்.

அப்போதுதான் டங்கன் வந்தார். அவருடைய மகளும் பிரீத்தியின் அணியில் ஆடுகிறவள். ஆட்டத்துக்கு முன்னால் வலை கட்டுவது, முடிந்ததும் கழற்றி வைப்பது எல்லாம் டங்கன் தானாக எடுத்துக்கொண்ட வேலை. ஆள் ஆறடிக்கு மேல். இடுப்பில் ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டுகிற, பச்சைக் கட்டம் போட்ட கில்ட். முழங்காலுக்கு மேலே நிற்கிற அந்தக் கம்பளிப் பாவாடை நடக்கும்போது பின்பக்கம் மடிப்பு மடிப்பாக அசையும். இரண்டு கையிலும் மடக்கு நாற்காலிகளோடு அவர் பார்க்கிங்கைக் கடந்து போவதை எத்தனையோ தடவை திருமூர்த்தி பார்த்திருக்கிறார். விசித்திரமான மனிதர் என்று நினைத்ததோடு சரி. இன்றைக்கு அந்த நடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசரமும் இல்லை, மறைப்பும் இல்லை.

டங்கன் நாற்காலிகளைக் கீழே வைத்துவிட்டுக் கார்க் கண்ணாடியைத் தட்டினார். காரின் விளக்கு எரிகிறது, பேட்டரி போய்விடும் என்றார். பிறகு, “உள்ளே வரவில்லையா? உங்கள் மகள் இப்போது சர்வீஸ் போடப் போகிறாள்,” என்றார்.

“ஆபீஸ் கால்,” என்றார் திருமூர்த்தி.

போன் பக்கத்து இருக்கையில் கவிழ்ந்து கிடந்தது. டங்கன் போனைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார். சிரிக்கவில்லை. கார்க் கதவின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, ஊர்க்கதை பேசுகிற மாதிரி சொன்னார்:

“முதல் தடவை இதைக் கட்டிக்கொண்டு நான் பால் வாங்கப் போனேன். கடை வாசலில் காரை நிறுத்தி, பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு, இறங்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். ஒரு வாரம் பால் இல்லாத காப்பி.”

“அப்புறம்?”

“பால் இல்லாத காப்பி எனக்குப் பிடிக்காது,” என்றார் டங்கன். நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்குத் திருமூர்த்தி உள்ளே போகவில்லை. திரும்பும் வழியில் பிரீத்தி, “அப்பா, ஐ காட் ஃபைவ் பாயின்ட்ஸ் இன் எ ரோ,” என்றாள். அவர் “சூப்பர் அம்மிணி,” என்றார். பார்க்காத ஒன்றைப் பாராட்டுகிறோமே என்று நெஞ்சில் சுருக்கென்றது. வேட்டி கட்டியதால் வாக்கைக் காப்பாற்றிவிட்டோமா? ஒளிந்து உட்கார்ந்துகொண்டு காப்பாற்றுகிற வாக்கு என்ன வாக்கு? இரவுச் சாப்பாட்டின்போது, காருக்குள்ளேயே இருந்துவிட்டதை மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். அவள் தட்டில் ரசத்தை ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

“ஏனுங்க, எனக்காக வேண்டீட்டு, என்னோட கடைக்கு வர்றதுக்கு வெக்கமாங்க?”

அடுத்த சனிக்கிழமை அவள் கூப்பிடுவதற்கு முன்னாலேயே கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

மலைப்பக்கத்துக் காற்று மளிகைக் கடைப் பார்க்கிங்கில் வேட்டியைப் பாய் மாதிரி விரித்தது. ஒரு கையில் வேட்டி நுனி, மறு கையில் தள்ளுவண்டி. உள்ளே போனதும் எல்லாரும் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள் என்று உடம்பு முழுவதும் விறைத்திருந்தது. ஒரு வயதான அம்மாள் திரும்பிப் பார்த்தார். “வெயிலுக்கு நல்ல துணி,” என்று சொல்லிவிட்டுத் தக்காளியைப் பார்க்கப் போய்விட்டார். தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை விரலை நீட்டியது. அரிசி மூட்டைகள் இருந்த வரிசையில் நம்மூர் ஆள் ஒருவர், அரைக்கால் சட்டையோடு நின்றுகொண்டிருந்தவர், திருமூர்த்தியைப் பார்த்ததும் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டார். திருமூர்த்திக்கு அவரை நன்றாகப் புரிந்தது. போன வாரம்வரை தானும் அப்படித்தானே. அதனால் வலியப் போய், “சோனா மசூரி புது லோடுங்களா?” என்று கேட்டார். அந்த மனிதர் முகம் தெளிந்து, “ஆமா அங்கிள், நல்லாருக்கு, எடுத்துக்கோங்க,” என்று மூட்டையைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தும் கொடுத்தார்.

“பாத்தீங்களா, மூட்டை தூக்க ஆளும் கெடைச்சுது,” என்றாள் புஷ்பவல்லி.

கடைக்கு வருகிறவர்கள் முன்னால் நடந்துவிடலாம். பதினாறு வயது மகளின் தோழிகள் முன்னால் நடப்பது வேறு விஷயம். அதற்கடுத்த சனிக்கிழமை காலையில் திருமூர்த்தி அவளிடமே கேட்டார். “நான் உள்ள வந்து பாக்கட்டுமா அம்மிணி? உனக்கு ஒரு மாதிரி இருந்தா சொல்லீரு.”

பிரீத்தி ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே யோசித்தாள். “வாங்கப்பா. பட் ப்ளீஸ், அதை மடிச்சு மட்டும் கட்டாதீங்க. முட்டியெல்லாம் தெரியும்.”

“செரி. சத்தியமா இல்ல.”

அவ்வளவு தெளிவாக வந்தவருக்கும் விளையாட்டு அரங்கின் கதவருகே கால் நின்றுவிட்டது. புஷ்பவல்லி தெரிந்தவர்களைப் பார்த்து முன்னாலேயே போய்விட்டாள். காலியாக இருந்த பெஞ்சு எதிர்ப்பக்கத்தில் இருந்தது. அங்கே போக வேண்டுமானால் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேர் முன்னாலும் நீளமாக நடக்க வேண்டும். வெள்ளை வேட்டி அந்த மஞ்சள் மரத்தரையில் விளக்குப் போட்ட மாதிரி தெரியும். திரும்பிவிடலாமா என்று நினைத்தபோது டங்கன் வலையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். “வாங்க, அந்தப் பக்கம் இடம் இருக்கிறது,” என்று மட்டும் சொன்னார். தன் நீளமான எட்டைக் குறைத்துக்கொண்டு, இவர் நடைக்கே நடந்தார்.

பாதி தூரத்தில் மேல் வரிசையிலிருந்து ஒரு பையன் கத்தினான். “ஹே, ஆர் யூ கைஸ் எ மியூசிக் பேண்ட்?”

“ஆமாம்,” என்றார் டங்கன் திரும்பாமலே. “பாட்டுத்தான் இன்னும் பழகவில்லை.”

அரங்கமே சிரித்தது. திருமூர்த்தியும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எதுவோ இறங்கிப் போய்விட்டது. டங்கன் வலைப்பக்கம் திரும்பவில்லை. யாரோ ஒரு பெண் போய் வலையை இழுத்துக் கட்டினாள். அவர் ஆட்டம் முடிகிறவரை திருமூர்த்திக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

பெரிய உதவிகளை நாம் எண்ணி வைத்துக்கொள்கிறோம். ஒரு மனிதன் இன்னொரு மனிதனோடு ஒரு அறையின் குறுக்கே நடந்து போவதை யாரும் உதவி என்றே சொல்வதில்லை. அன்றிரவு சாமி விளக்கின் முன் நின்றபோது திருமூர்த்தி அதை உதவி என்றுதான் சொன்னார்.

மகளுக்குச் செய்த சத்தியம் மட்டும் அன்றைக்கே உடைந்தது. கடைசிச் செட்டில் பந்து எகிறி வந்து பெஞ்சுக்கு அடியில் உருண்டோடியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, திருமூர்த்தியின் கால் தன் பழக்கத்தில் வேட்டி நுனியைப் பின்னாலிருந்து தட்டிவிட்டது, கை அதைக் காற்றிலேயே பிடித்து மடித்துக் கட்டியது, அவர் குனிந்து பந்தை எடுத்து எறிந்தார். எல்லாம் ஒரே மூச்சில். எறிந்த பிறகுதான் மகளின் முகம் நினைவுக்கு வந்தது. பிரீத்தி இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தாள். அவளைச் சுற்றியிருந்த பெண்களோ, “வெய்ட், ஹவ் டிட் ஹி டூ தட்?” என்று அவள் தோளை உலுக்கிக்கொண்டிருந்தார்கள். காரில் ஏறியதும் அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வீட்டுத் தெரு வந்ததும், “அப்பா, அந்தக் கிக் இருக்குல்ல, என் டீம்ல இருக்கிற மேடிக்குக் கத்துக்கணுமாம்,” என்றாள். “ஐ ஸெட் நோ. அப்புறம் ‘மேபி’ன்னு சொன்னேன்.”

புரட்டாசியின் கடைசிச் சனிக்கிழமை திருமூர்த்திக்கு வேட்டி கட்டியிருக்கிற ஞாபகமே இல்லை. நூலகத்துக்குப் போனார், குழாய்க் கடைக்குப் போனார், ஆட்டத்துக்கு வந்தார். கிரீஷும் பார்க்க வந்திருந்தான். “என்னய்யா, இதையே யூனிஃபார்ம் ஆக்கிட்ட?” என்றான். “உனக்கும் ஒண்ணு எடுத்துத் தர்றேன், கட்டு,” என்றார் திருமூர்த்தி. “ஐயோ, எனக்கு இடுப்புல நிக்காதுய்யா,” என்று அவன் நழுவினான்.

ஆட்டம் முடிந்து பரிசு கொடுத்துக்கொண்டிருந்தபோது திருமூர்த்தி தண்ணீர் குடிக்கப் பின்பக்க நடைக்குப் போனார். சாமான் அறையிலிருந்து முனகல் கேட்டது. எட்டிப் பார்த்தார். டங்கன் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தார். தோளில் வலைக்கம்பம், முகம் சிவந்து வியர்த்திருந்தது. கம்பத்தைத் தூக்குகிற வேகத்தில் கில்ட்டை இறுக்கிப் பிடிக்கும் இடுப்போரத்துத் தோல்வார் தையலோடு பிய்ந்து தொங்கியது. ஒரு கையால் கம்பம், ஒரு கையால் கில்ட். இரண்டில் எதை விட்டாலும் ஆபத்து. வெளியே அவர் மகள் பெயரைக் கூப்பிடப் போகிறார்கள்.

திருமூர்த்தி முதலில் கம்பத்தை வாங்கி ஓரமாகச் சாய்த்தார். கதவைச் சாத்தினார். பிறகு சட்டையைத் தூக்கி, வேட்டியின் மேல் கட்டியிருந்த பெல்ட்டை அவிழ்த்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் வியாபாரிகள் கட்டுகிற அகலமான பச்சை பெல்ட், பை வைத்தது. அதிலிருந்து போனையும் சாவியையும் எடுத்துக்கொண்டு பெல்ட்டை நீட்டினார்.

டங்கன் அதைப் பார்த்தார். “உங்களுக்கு?”

“எனக்கு முடிச்சு இருக்கிறது. சீக்கிரம் கட்டுங்கள், கூப்பிடுகிறார்கள்.”

பெரிய இடுப்பு. கடைசித் துளையில்தான் ஏறியது. ஆனால் ஏறிவிட்டது. பச்சைக் கட்டத்தில் பச்சை பெல்ட் தெரியக்கூட இல்லை. டங்கன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். திருமூர்த்தி கதவைத் திறந்து, நடையில் யாரும் இல்லை என்று பார்த்து, போங்கள் என்று தலையசைத்தார். அவர் போன பிறகு, அந்த அறையில் தனியாக நின்று வேட்டியை உதறி, வயிற்றை எக்கி, நுனியை ஒரு சுற்று அழுத்திச் செருகினார். நடந்து பார்த்தார். நின்றது.

பெஞ்சுக்குத் திரும்பியபோது டங்கனின் மகள் பதக்கத்தோடு நின்றிருந்தாள், அவள் அப்பா பக்கத்தில் நிமிர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்.

“தண்ணி குடிக்க இவ்வளவு நேரமாங்க?” என்றாள் புஷ்பவல்லி.

“கூட்டமா இருந்துச்சு,” என்று சொல்லிவிட்டு, திருமூர்த்தியும் கைதட்டினார், இரண்டு கையாலும்.