குழாய்க்குள் அண்ணன்

அண்ணனுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது, இதயத்தில் பொருத்தக் காலிலிருந்து எடுத்த ரத்தக் குழாயில் ஒரு துண்டு மிஞ்சியது. ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டார்கள். "என் தங்கச்சிகிட்டயே கொடுங்க. சின்ன வயசுல என் பென்சில் எல்லாம் பிடுங்கினவ, இதையும் வச்சுக்கட்டும்" என்றான். பேருந்து ஓட்டுகிறவன், வாய் ஓயாதவன்.

தங்கைக்குச் செயற்கை ரத்தக் குழாய் செய்யும் வேலை. உள்ளங்கைக்குள் அடங்கும் கண்ணாடிச் சில்லு. அதற்குள் தலைமுடி போல் மெல்லிய பாதைகள். நடுப்பாதையில், அண்ணனின் துண்டிலிருந்து பிரித்து வளர்த்த செல்கள் மிதக்கும் திரவம் வரும். அதைச் சுற்றிக் கடற்பாசிக் கூழும் ஜெலட்டினும் வரும். வெளிப்பாதையில் வரும் கால்சியம் பட்டதும் கூழ் இறுகிவிடும், நடுத் திரவம் இறுகாது. நூல் போல் ஒரு குழாய் நெளிந்து வெளியே வரும்.

வந்தால்தானே! வேகம் கூடினால் சில்லு அடைத்துக்கொண்டது. குறைந்தால் குழாய் துண்டுதுண்டானது. நல்ல குழாய் வந்தாலும் செல்கள் பிழைக்கவில்லை.

"அங்க நான் எப்படி இருக்கேன்?" என்று போனில் கேட்பான் அண்ணன்.

"இந்த வாரமும் செத்துட்டே, அண்ணா."

"சரி விடு. இங்க நல்லாத்தான் இருக்கேன்."

அவன் செல்களை உறைய வைத்திருந்த கடைசிக் குப்பியையும் எடுத்தாள். இம்முறை குழாய் அறுபடவில்லை. அதற்குள் சத்து நீரை மெல்ல ஓடவிட்டுக் காத்திருந்தாள். ஒரு காலையில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு அண்ணனைக் கூப்பிட்டாள்.

ஆய்வகத்தில் கொடுத்த, உடம்புக்குப் பற்றாமல் பொத்தான் போட முடியாத வெள்ளை அங்கியோடு வந்தவன், குனிந்து பார்த்தான். எதையும் தொட்டுவிடாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எல்லாம் ஒரே பக்கமா நீட்டிப் படுத்திருக்கு."

"தண்ணி ஓடுற பக்கம், அண்ணா. உட்சுவர் முழுக்க ஒட்டிக்கிட்டு, ஓட்டம் தெரிஞ்சதும் தானா திரும்பிக்கிச்சு."

"நீ திருப்பலையா?"

"நான் குழாய்தான் செஞ்சேன்."

"என் கால்ல இருந்தப்பவும் இப்படித்தானா?"

"ஆமா. நீ பொறந்ததுலேருந்து."

"எனக்குத் தெரியவே தெரியாதே" என்றான் தாழ்ந்த குரலில். எத்தனையோ முறை படித்திருந்தும், அவளுக்குமே இன்றுதான் தெரிந்தது போலிருந்தது.

"இது ஒரு ஆளுக்குள்ள போக இன்னும் பல வருஷம் ஆகும், அண்ணா."

"ஆகட்டும்."

அவன் மறுபடியும் குனிந்தான். அவள் ஒரு நாற்காலியை அவன் பின்னால் தள்ளிவைத்தாள். கண்ணை எடுக்காமலே உட்கார்ந்தான்.