வலது கை வழக்கம்

கிருபைக்கு வலது கை ஆள்காட்டி விரல் வெள்ளிக்கிழமை சாயங்காலமே வீங்கிவிட்டது. ஹாக்கி அரை இறுதி ஆட்டத்தில் ஷார்ட் கார்னருக்குக் கை வைத்தபோது பந்து துள்ளி விரல் நுனியில் அடித்தது. பந்து நின்றது. கிளாடிஸ் அடித்தாள். கோல் விழுந்தது. பிள்ளைகள் எல்லாரும் கிளாடிஸைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். கிருபை மட்டும் குத்தவைத்த இடத்திலேயே விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டு இருந்தாள்.

கை வைப்பது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஷார்ட் கார்னரில் ஒருத்தி கோல் கோட்டிலிருந்து பந்தை வேகமாகத் தள்ளிவிடுவாள். வட்டத்தின் விளிம்பில் இன்னொருத்தி குத்தவைத்து, வெறுங்கையைத் தரையில் ஊன்றி, வருகிற பந்தை அசையாமல் நிறுத்த வேண்டும். நிறுத்திய உடனே கையை இழுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மூன்றாவது ஒருத்தி மட்டையை ஓங்கிவிட்டாள். அடித்தவள் பெயர் பேப்பரில் வரும். கை வைத்தவள் பெயர் எந்தப் பேப்பரிலும் வந்ததில்லை. பந்து கருங்கல் மாதிரி இருக்கும். தரை உப்புக் காற்றில் காய்ந்து இறுகிக் கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பொம்பளைப் பிள்ளையின் கை.

தூத்துக்குடியில் அந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹாக்கி தொடங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. இருபத்திரண்டு வருஷமும் வலது கைதான் வைத்தார்கள். மற்ற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மட்டையை வலது கையில் பிடித்துக்கொண்டு இடது கையைத்தான் வைப்பார்கள். அதுதான் சுலபம், பார்க்கிற யாருக்கும் தெரியும். ஆனால் இங்கே அதைச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள். கேப்டனுக்குக் கொடுக்கிற பந்தை இடது கையாலா கொடுப்பது? பொட்டலத்தை இடது கையால் நீட்டினால் வாங்காமல் நிற்கிற ஊர் இது. முதல் வருஷத்தில் யாரோ ஒருத்தி சொல்லிவைத்தாள், அது வேதவாக்காகிவிட்டது. எத்தனை விரல் கோணிப்போனது என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு இருபத்து மூன்று நாள் இருந்தது.

கிருபையின் ஊர் சாத்தான்குளத்துக்கு மேற்கே, பஸ் இறங்கி இரண்டு மைல் தேரிச் செம்மணல் மேட்டில் நடக்க வேண்டும். அப்பா சாகுபுரம் ஃபாக்டரியில் மூட்டை சுமந்தார். அந்த வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். பள்ளிக்கூட ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். கிறிஸ்துமஸுக்கு வந்த தாய்மாமன் செல்வதுரை, சாப்பிட்டுக் கை கழுவும்போதே சொல்லிவிட்டுப் போனான்: "பாஸானா டீச்சர் ட்ரெயினிங் படிக்கட்டும், நான் குறுக்க நிக்க மாட்டேன். பெயிலானா மே மாசமே கல்யாணம்." அம்மாவும் அப்பாவும் தலையாட்டினார்கள். அவளை யாரும் கேட்கவில்லை. மாமனுக்கு முப்பத்து நாலு வயது.

ஆக, எல்லாம் அந்த வலது கையில் இருந்தது.

சனிக்கிழமை காலை மிஷன் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் எஸ்றா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எலும்புல கீறல் விழுந்திருக்க மாதிரித் தெரியி. இப்ப அசையி, எழுதவும் முடியும். இன்னொரு அடி பட்டுதுன்னா ஒடிஞ்சிரும். ஒன்றரை மாசத்துக்குப் பேனாவைத் தொட முடியாது பாத்துக்க."

"திங்கக்கிழமை ஃபைனல் இருக்கு சார்."

"அப்ப உங்க டீச்சர்ட்ட சொல்லு. என்கிட்ட சொல்லி என்ன செய்ய?"

டீச்சர் என்றால் ஞானபாய் டீச்சர். விளையாட்டு டீச்சர், நாசரேத்காரி. கெட்டவர் இல்லை. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்குத் தன் அறையில் கஞ்சி வைத்துக் கொடுப்பார். ஆனால் அஞ்சு வருஷமாக ஷீல்டு வரவில்லை. இந்த வருஷமும் வராவிட்டால் ஹாக்கியை நிறுத்திவிட்டு அந்த நேரத்தைத் தையல் வகுப்புக்குக் கொடுக்கப்போவதாகத் தலைமை ஆசிரியை நேரிலேயே சொல்லியிருந்தார். முழங்கால் தெரிய ஓடுகிற பிள்ளைகளைப் பற்றி ஊரில் பேசுகிற பேச்சு ஆபீஸ் அறை வரை வந்துகொண்டிருந்த காலம்.

"வேற யாரையாவது வைக்கச் சொல்லுங்க டீச்சர்," என்றாள் கிருபை.

"யாரு வைப்பா? ஜெயசெல்வி வைப்பாளா? பந்து வந்தா கண்ணை மூடுதா."

"அப்ப நான் இடது கை வைக்கட்டா? ரூம்புக்குப் பின்னால சுவத்துல அடிச்சுப் பாத்தேன். பந்து நிக்கி."

டீச்சர் அவளுடைய இடது கையைப் பார்த்தார். பிறகு, "நம்ம பள்ளிக்கூடத்துல அது பழக்கம் இல்ல பிள்ளே," என்றார். "துணி சுத்திக்கிடு. ஆண்டவர் பாத்துக்கிடுவாரு."

கிளாடிஸிடமும் கேட்டாள். கிளாடிஸ் கேப்டன், கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் குமாஸ்தாவின் மகள். அவளுடைய அம்மாவும் ஒரு காலத்தில் கேப்டன். ஹாலில் தொங்கும் பலகையில் வெள்ளைப் பெயின்டில் அம்மா பெயர் இருக்கிறது, ஷீல்டு வாங்கிய வருஷத்தோடு. காலையில் ஜெபத்துக்கு நிற்கும்போதெல்லாம் கிளாடிஸ் அந்தப் பலகைக்கு நேர் எதிரே நின்றாக வேண்டும்.

"நீ இடது கை வச்சா எனக்கு அடி வராது," என்றாள் கிளாடிஸ். "நீ அங்கன இருப்ப, நான் இங்கன நிக்கணும். பழகவே இல்ல."

"இன்னைக்கும் நாளைக்கும் பழகுவோம்."

"நாளைக்கு ஓய்வுநாள். எங்கம்மா கொன்னுபோடுவா."

"இன்னைக்கு?"

"டீச்சர் வேண்டாம்னுட்டாவல்லா. விடுளா. ஒரு ஷார்ட் கார்னர் கிடைக்கோ கிடைக்கலையோ."

திங்கள்கிழமை மதியம் இசக்கித்தாய் வந்தாள். போன வருஷம் கை வைத்தவள். ஃபைனல் அன்று முந்தின வருஷத்துக்காரி வந்து, ஹாக்கி நோட்டில் தன் பெயரை எழுதி, அதன் கீழே புதியவளை எழுதச் சொல்லி, அவள் வலது மணிக்கட்டில் பச்சை ரிப்பன் கட்டிவிடுவது வழக்கம். இசக்கித்தாய் இப்போது நூல் மில்லில் வேலை பார்த்தாள். ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்திருந்தாள், தலையில் பஞ்சுத் தூசிகூடப் போகவில்லை.

"என்னளா, புதுப்பொண்ணு மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டிருக்க?" என்று சிரித்துக்கொண்டே நோட்டைத் திறந்தாள்.

கிருபை பக்கத்தில் நின்று பார்த்தாள். போன வருஷம், தன் ஃபைனலுக்கு முன்னால் இசக்கித்தாய் எழுதிய பெயர் மேலே இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் உருட்டி வைத்த மாதிரி இருந்தது. வகுப்பில் போர்டில் தேதி எழுத அவளைத்தான் கூப்பிடுவார்கள் என்பது கிருபைக்கு ஞாபகம் வந்தது. இன்றைக்கு இசக்கித்தாய் பேனாவைக் கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே இடுக்கினாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்காமல் விலகி நின்றன. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஏழு எழுத்துப் பெயர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல் கோட்டுக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்கியது.

"அக்கா, போன வருஷம் சரித்திரத்துக்கு எத்தனை பக்கம் எழுதுனிய?"

இசக்கித்தாய் பேனாவை மூடினாள். "நான் பெயிலானது விரலால இல்ல. ஒழுங்காப் படிக்கல."

"நீங்கதான் சரித்திரத்துல முதல் மார்க்கு."

ஹாலுக்குள் டீச்சர் யாரையோ அதட்டும் சத்தம் கேட்டது. இசக்கித்தாய் ரிப்பனை எடுத்து விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"நாலு பக்கம்," என்றாள். "அதுக்குப் பொறவு விரல் விறைச்சுப்போச்சு. மீதி எல்லாம் தெரிஞ்ச கேள்வி. உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். மணி அடிச்சிட்டாவ."

"டீச்சர்ட்ட சொன்னியளா?"

"சொல்லி? ஃபைனலுக்கு வந்ததுக்கே மாலை போட்டாவல்லா, போதும்." அவள் கிருபையின் வலது கையை இழுத்து ரிப்பனை இறுக்கிக் கட்டினாள். கட்டும்போது வீங்கிய விரலைப் பார்த்துவிட்டாள். முடிச்சை இன்னொரு தரம் இழுத்துவிட்டு, "மில்லு வண்டிக்கு நேரமாச்சு. ஆட்டம் பாக்க நிக்க முடியாது," என்று போய்விட்டாள். கேட் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஃபைனல் துறைமுகத்துப் பக்கம் இருந்த மைதானத்தில் நடந்தது. கோவில்பட்டியிலிருந்து வந்த அணி. சரக்கு ஏற்றுகிற ஆட்கள், காலேஜ் பையன்கள், சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தவர்கள் என்று கோட்டைச் சுற்றிலும் கூட்டம். பாதிப் பேர் ஹாக்கி பார்க்க வந்தவர்கள், பாதிப் பேர் கால் பார்க்க வந்தவர்கள். கிளாடிஸின் அம்மா மெட்டில்டா முன்வரிசையில் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். கடல் காற்று குடையைப் பிடித்து இழுத்தது, அவள் விடவில்லை.

கடைசி ஆறு நிமிஷம் வரைக்கும் இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போதுதான் ஷார்ட் கார்னர் கிடைத்தது.

கிருபை வட்டத்தின் விளிம்பில் போய்க் குத்தவைத்தாள். டீச்சர் சொன்னபடி விரலில் துணி சுற்றியிருந்தாள். துணி சுற்றினால் விரல் தடிக்கும், அவ்வளவுதான், அடி குறையாது. வலது கையைத் தரையில் ஊன்றினாள். எதிரே கோல் கோட்டில் ஜெயசெல்வி பந்தைத் தள்ளக் குனிந்தாள். கோவில்பட்டிப் பிள்ளைகள் ஓடிவரத் தயாராக முன்னால் சாய்ந்தார்கள்.

தெரிந்த கேள்விகளுக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். தாய்மாமன் கை கழுவிய தண்ணீர்ச் சத்தம் காதில் கேட்டது. பயம் என்று சொல்ல முடியாது. ஆத்திரம். இத்தனை பேர் சுற்றி நிற்கிறார்களே, இதில் ஒருத்தருக்குக்கூட இந்தக் கையைப் பற்றிக் கவலை இல்லையே, பந்து நின்றால் போதுமே என்கிற ஆத்திரம்.

விசில் சத்தம் கேட்டது. கிருபை வலது கையை எடுத்து மட்டையைப் பிடித்தாள். அப்படியே திரும்பி உட்கார்ந்து இடது கையை வைத்தாள்.

பந்து வந்தது. உள்ளங்கையில் பட்டது. நின்றது. தரையில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

மட்டையை ஓங்கி வந்த கிளாடிஸ் கிருபையின் தலை இருக்க வேண்டிய இடத்தில் தலை இல்லாததைப் பார்த்தாள். ஒரு கணம் கை தயங்கியது. அந்தக் கணம் போதும். அவள் அடித்த பந்து கோல்கீப்பரின் காலில் கட்டிய பேடில் பட்டுத் திரும்பியது. திரும்பிய பந்தை எடுத்துக்கொண்டு கோவில்பட்டிக்காரி ஒருத்தி ஓட ஆரம்பித்தவள்தான், யாராலும் பிடிக்க முடியவில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று கோவில்பட்டி ஜெயித்தது.

"பீச்சாங்கையால கொடுத்தா எப்படிலே கோல் விழும்," என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான். நாலு பேர் சிரித்தார்கள். அது அப்படியே பரவியது. பத்து நிமிஷத்தில் ஹாக்கியே தெரியாதவனுக்கும் தோற்ற காரணம் தெரிந்திருந்தது.

ஞானபாய் டீச்சர் திட்டவில்லை. கிருபையின் முன்னால் வந்து நின்று, "ரிப்பனை அவுத்துக் கொடு," என்றார். தையல் வகுப்பு அவர் கண்முன்னால் நின்றிருக்கும். கிருபைக்கு அவர்மேல் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. இடது கையால் முடிச்சை அவிழ்த்து, வலது கையால் நீட்டினாள்.

திரும்பி நடந்து வரும்போது கிளாடிஸ் வேண்டுமென்றே பின்தங்கி அவளோடு சேர்ந்துகொண்டாள். அழுது முகம் உப்பியிருந்தது.

"சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்லா நீ."

"சொன்னேன். டீச்சர்ட்ட ஒரு மட்டம், உன்கிட்ட ரெண்டு மட்டம்."

கிளாடிஸ் மட்டையைத் தரையில் இழுத்துக்கொண்டே வந்தாள். உப்பு லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது.

"பந்து நின்னுச்சு," என்றாள்.

"ஆமா."

"எங்கம்மா உன்னைத்தான் திட்டுதா. நான் பேசாம இருந்தேன்."

"தெரியும். கேட்டுச்சு."



மறுநாள் காலை குரூப் போட்டோ. ஸ்டூடியோக்காரர் முக்காலியோடு வந்துவிட்டார். டீச்சர் கிருபையிடம், "நீ போய்ப் படி, உனக்குப் பரீட்சை இருக்கு," என்றார். அக்கறையாகச் சொல்வது போலத்தான் சொன்னார். மற்றப் பத்துப் பேரில் யாருக்கும் பரீட்சை இல்லையா என்று கிருபை கேட்கவில்லை. அதில் நாலு பேருக்கு அதே பரீட்சைதான். மேலே படிப்பு அறைக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்து ஜியாமெட்ரி நோட்டைத் திறந்தாள். கீழே பேசுவது எல்லாம் கேட்டது.

"நடுவுல இடம் விட்டு நிக்காதிய, நெருங்கி நில்லுங்க," என்றார் ஸ்டூடியோக்காரர்.

"அது கிருபை இடம்," என்றாள் கிளாடிஸ்.

"கிளாடிஸ், நேரா நில்லு," என்றார் டீச்சர்.

"பந்து நின்னுச்சு டீச்சர். அவ சரியாத்தான் வச்சா. நான்தான் அடிக்கல."

"இதை நேத்தே சொல்லிருக்கலாம்லா?"

"நேத்து எங்கம்மா நின்னா டீச்சர்."

வெயில் ஏறினால் படம் சரியாக வராது என்று ஸ்டூடியோக்காரர் முனகினார். கொஞ்ச நேரம் கழித்து ஜெயசெல்வி மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தாள்.

"அக்கா, டீச்சர் வரச் சொல்லுதாவ. போட்டோவுக்கு."

கிருபை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். டீச்சர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். கிளாடிஸ் தலையைக் குனிந்து நின்றாள். போயிருக்கலாம். நல்ல பிள்ளையாக இறங்கிப் போயிருந்தால் எல்லாருக்கும் மனசு ஆறியிருக்கும்.

"வரலைன்னு சொல்லு," என்றாள் கிருபை. "கோவிச்சுக்கிட்டு இல்ல. கணக்கு இருக்குன்னு சொல்லு. கிளாடிஸ்ட்ட, சாயங்காலம் வந்தா பதினாலாவது தேற்றம் சொல்லித் தாரேன்னு சொல்லு. அவளுக்கு அது வராது."

ஜெயசெல்வி இறங்கிப் போனாள். கிருபை பென்சிலை எடுத்தாள். விரல் வலித்தது, ஆனால் மடங்கியது. அன்று மதியத்துக்குள் பதினோரு கணக்குப் போட்டாள். அதில் இரண்டு தப்பு. அவற்றை அழித்துவிட்டுத் திரும்பவும் போட்டாள்.