ஜமால்தீன் காக்காவின் பெருவிரலும் மூன்று வகை ரயர்களும்

கூட்டத்துக்கு வந்திருந்தோர் நால்வர். மன்னார் உப்புக்குளத்தில் ஜமால்தீனின் சைக்கிள் கடைக்குள் இருந்த ஒரேயொரு கதிரையில், சைக்கிள் கழகத்தின் போசகரும் வங்காலையில் ஐந்து வள்ளங்களுக்குச் சொந்தக்காரருமான அமிர்தநாயகம் சம்மாட்டியார் அமர்ந்திருந்தார். கழகத் தலைவர் ஜமால்தீன், தன் கடை என்ற உரிமையில், சில்லுப் பூட்டும் முக்காலியில் வாசலைப் பார்த்தபடி இருந்தார். உறுப்பினர் றுஸ்தி, அடுக்கி வைத்த பழைய ரயர்களின் நடுக்குழிக்குள் இறங்கி, தலையும் முழங்காலும் மட்டும் வெளியே தெரிய இருந்தான். செயலாளர் தனுசியா, கவிழ்த்து வைத்த மீன்பெட்டியின் மேல், மடியில் கூட்டக் கொப்பியோடு. வராதவர்: பொருளாளர். காரணம்: அந்தப் பதவிக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

இவ்வளவையும் தனுசியா எழுதிக் கீழே கோடிழுக்கும்வரை மற்ற மூவரும் வாய் திறக்கவில்லை. கோடிழுக்குமுன் பேசினால் அதையும் எழுதிவிடுவாள் என்பது எல்லாருக்கும் பட்டுத் தெரிந்த பாடம்.

“மீன்பெட்டியில இருக்கிறன் எண்டும் எழுதினீங்களோ அக்கா?” என்று றுஸ்தி குழிக்குள்ளிருந்து கேட்டான்.

“எழுதினனான். நீ குழிக்குள்ள இருக்கிறதும் இருக்கு.”

“பிறகு படிக்கிற ஆக்கள் என்னைத் தவளையெண்டு நினைக்கப் போகினம்.”

சம்மாட்டியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பிள்ளை, ஒண்டரை ஆகுது. நாலு மணிக்குத் தபால்பையைக் கட்டிப் போடுவாங்கள். நாளைக்குப் போயா லீவு. விசயத்துக்கு வா.”

விசயம் இதுதான். இன்னும் ஆறு கிழமையில் வவுனியாவில் மாகாண சைக்கிள் அணிக்கான தெரிவு ஓட்டம். பெண்களில் முதல் மூவரை எடுப்பார்கள். போன வருடம் தனுசியா நான்காவது. மூன்றாவதாக வந்தவளுக்கும் அவளுக்கும் இடையில் ஒரு சில்லின் நீளம்தான். ஐப்பசி வந்தால் அவளுக்கு முப்பது முடிகிறது. அதற்கு மேல் அந்த அணியில் இடமில்லை. இந்தமுறை விட்டால் விட்டதுதான்.

கால் தயார். ரயர்தான் தயாரில்லை. போட்டிக்கென்று வைத்திருந்த நல்ல சோடி பத்திரிகைத் தாளில் சுற்றியபடி அலுமாரிக்குள் கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டு நாளாந்தப் பயிற்சிக்குப் போவது, கூறைச்சேலை கட்டிக்கொண்டு களை பிடுங்கப் போவதற்குச் சமம். பயிற்சிக்கான பழைய சோடியோ, உடைமுள்ளிலும் சிப்பி ஓட்டிலும் ஓடி ஓடி ரப்பர் தேய்ந்து, உள்ளே துணி தெரியத் தொடங்கியிருந்தது. போன மாதம் அவள் போட்ட திட்டத்தில் பன்னிரண்டு நீண்ட ஓட்டங்கள். அவற்றில் ஆறு, காற்றுப்போன சைக்கிளோடு தெருவோரம் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டியதில் முடிந்தன.

ஆகவே, ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த அவள், தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தாள்: கடிதம் எழுதினாள். கொழும்பில் ரயர் இறக்குமதி செய்யும் கடையொன்று மசிந்தது. மூன்று வகையில் ஒவ்வொரு சோடி மாதிரிக்கு அனுப்பினார்கள். மூன்றையும் ஓட்டிப் பார்த்து, பயிற்சிக்கு எது நல்லது, ஏன் நல்லது என்று அறிக்கை எழுதி, தலைவரும் செயலாளரும் ஒப்பமிட்டு, முத்திரை குத்தி அனுப்பினால், அந்த வகையில் இரண்டு சோடி அரைவிலைக்குத் தருவதாகப் பேச்சு. கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்க வேண்டும். மாதிரிகளை அதற்குப் பின் திருப்பி அனுப்ப வேண்டும். ஒருமுறை தந்ததை மாற்றித் தரும் கதையே இல்லை. அரைவிலையைச் சம்மாட்டியார் தருவதாகச் சொல்லியிருந்தார். “ஒருக்காத்தான் தருவன். வடிவாப் பாத்து எடு” என்றும் சொல்லியிருந்தார்.

மூன்று சோடிக்கும் பெயர் வைத்தது றுஸ்தி. முப்பத்திரண்டு மில்லிமீற்றர் அகலத்தில், உழவு இயந்திரத்துக்குத் தம்பி மாதிரி இருந்தது தடியன். இருபத்துமூன்றில் மெலிந்திருந்தது ஊசி. இருபத்தெட்டில், ரப்பருக்கு அடியில் முள் ஏறாமல் ஒரு பட்டி வைத்துச் செய்தது நடுவிலான். ஊசி அரைவிலையிலும் கைக்கெட்டாது; அது போட்டிக்காரர்களின் சாமான். தடியனும் நடுவிலானும் கட்டுப்படியான விலை. போட்டி அந்த இரண்டுக்கும் இடையில்தான்.

தனுசியா ஒவ்வொன்றையும் ஆறு நாள் ஓட்டினாள். மன்னாரிலிருந்து கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதிப் பாலம் கடந்து தள்ளாடிச் சந்தி, அங்கிருந்து திருக்கேதீஸ்வரம், திரும்பி வங்காலை, பிறகு வீடு. ஒரே பாதை, ஒரே நேரம். கொப்பியில் பன்னிரண்டு நிரல்கள் போட்டாள். தூரம், நேரம், ஓட்டை, கடற்காற்றின் திசை, கை விறைப்பு, முதுகு, ரயரின் பக்கத்தில் அச்சிட்டிருந்த எழுத்துகள், காலையில் சாப்பிட்டது என்று ஒன்றும் விடவில்லை. இடியப்பம் சாப்பிட்ட நாளுக்கும் பாண் சாப்பிட்ட நாளுக்கும் தனி அடையாளம்.

“சரி, அறிக்கையை வாசியுங்கோ” என்றார் ஜமால்தீன்.

அவள் எழுந்து நின்று வாசித்தாள். நடுவிலானில் ஆறு ஓட்டத்தில் இரண்டு வெட்டு. கை விறைத்து, கந்தோரில் பேனா பிடிக்க வரவில்லை. முதுகில் மூன்று நாள் நோவு. தடியனில் ஓட்டை இல்லை, விறைப்பு இல்லை, நோவும் இல்லை. ஆனால் நடுவிலானை விட அறுபது கிலோமீற்றருக்குப் பதினொரு நிமிடம் பிந்தியது. “ஆகவே தடியனையே, அதாவது முப்பத்திரண்டு மில்லிமீற்றர் வகையையே, எமது கழகம் சிபாரிசு செய்கின்றது.”

கடைசி வசனத்தில் அவளுடைய குரல் கொஞ்சம் இறங்கியது.

“அக்கா, தடியனில பழகிப்போட்டு வவுனியாவுக்குப் போனால், அவங்கள் பந்தல் கழட்டுற நேரம்தான் நீங்கள் போய்ச் சேருவீங்கள்” என்றான் றுஸ்தி. தடியன் அப்போது அவனுடைய சைக்கிளில்தான் பூட்டியிருந்தது. அவள் ஓட்டி முடித்த பிறகு அவன் இரவல் வாங்கியிருந்தான். “நான் ரெண்டு நாள் ஓடினனான். மாடு கட்டினால் வண்டில்.”

“எனக்குத் தெரியாதோ?” என்றாள் தனுசியா. “வேகம் பழகாத கால் போட்டியண்டு மட்டும் வேகம் எடுக்குமோ? ஆனால் பாதி ஓட்டத்தை பஸ்ஸில முடிக்கிறதை விட, மெதுவாயெண்டாலும் முழுசா ஓடலாம். கணக்கு அப்பிடித்தான் சொல்லுது. நான் என்ன செய்ய?”

ஜமால்தீன் ஒப்பமிட்டுவிட்டு, முத்திரையை மைத்தட்டில் ஒற்றி எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் சைக்கிள் மணி அடித்தது. மீன் வியாபாரி சனூன். பின்கரியரில் பெட்டி, பெட்டிக்குள் ஐஸுக்குக் கீழே நாற்பத்தைந்து கிலோ சூடை, பெட்டிக்கு முன்னால் சனூன். அவரும் ஆள் சின்னஞ்சிறு சூடை மீன் மாதிரி இல்லை, சுறா.

“காக்கா, பின்னுக்குக் கொஞ்சம் காத்து.”

ஜமால்தீன் முத்திரையை வைத்துவிட்டுப் பம்பைத் தூக்கினார். கழகத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: அந்தப் பம்பை வேறு யாரும் தொடக்கூடாது. காற்று அடிப்பது தலைவரின் உரிமை. அதற்கு அவர் காசு வாங்குவதுமில்லை. அடித்தார். பெருவிரலால் ரயரை அமுக்கினார். இன்னும் நாலு அடித்தார். மறுபடி அமுக்கினார். விரல் இம்மியும் இறங்காதபோது நாக்கை மேலண்ணத்தில் தட்டி ‘டொக்’ என்று ஒரு சத்தம் போட்டார். அந்தச் சத்தம் வந்தால் காற்றுச் சரி.

தனுசியாவின் பேனா அப்படியே நின்றது. நடுவிலான் ஓடிய ஆறு நாளும் விடியற்காலையில் அவளுடைய சில்லுக்குப் பக்கத்தில் கேட்டதும் இதே ‘டொக்’தான்.

“காக்கா, எனக்கும் இதேயளவோ அடிக்கிறனீங்கள்?”

“ஓம் புள்ள, வேற எப்பிடி? என்ட கடையில ஏழை பணக்காரன், ஆம்பிள பொம்பிள, எல்லாருக்கும் ஒரே நீதி.”

“எனக்கு நாப்பத்தொன்பது கிலோ, காக்கா.”

“அதுக்கென்ன, நல்லாச் சாப்பிடு.”

றுஸ்தி ரயர்க் குழிக்குள்ளிருந்து எழும்ப முயன்று, அடுக்கோடு சரிந்து விழுந்தான். “அல்லாஹ்! அக்காவை இவ்வளவு நாளும் மீன்பெட்டியோட சேத்துத்தான் ஓட விட்டிருக்கிறார்!”

“என்னடா சொல்றாய்?” ஜமால்தீனின் முகம் கறுத்தது. “இருவத்தெட்டு வருசமா இந்த விரல் பிழைச்சதில்ல. எத்தின மீன் வண்டி, எத்தின விறகு வண்டி! நடுத்தெருவில ஒண்டு உக்காந்ததெண்டு காட்டு பாப்பம்!”

சம்மாட்டியார்தான் சமாதானத்துக்கு வந்தார். “விரலுக்கு ஒரு குற்றமும் இல்ல, காக்கா. விரல் சொன்னதை அளந்து பாத்தால் முடிஞ்சுது. றுஸ்தி, முன்னால ஓட்டோக் கராச்சில கேட்டு, காத்து அளக்கிற மணிக்கூட்டை வாங்கிக்கொண்டு ஓடி வா.”

மணிக்கூடு வந்தது. தனுசியா, நடுவிலான் பூட்டியிருந்த தன் சைக்கிளின் பின்சில்லில் வைத்தாள். முள் எழுபதைத் தாண்டியது, நூறைத் தாண்டியது, கடைசியில் நூற்றிருபதில் முட்டிக்கொண்டு, அதற்கு மேல் போக இடமில்லாமல் நடுங்கியது. ரயரின் பக்கத்தில் ‘காற்று: உச்சம் நூறு இறாத்தல்’ என்று அச்சிட்டிருந்தது. அதை அவள் கொப்பியில் ஏழாம் நிரலில் அழகாகப் பிரதி பண்ணி வைத்திருந்தாள். பிரதி பண்ணினாளே தவிர அளக்கவில்லை.

பிறகு றுஸ்தியின் சைக்கிளில் இருந்த தடியனை அளந்தார்கள். அறுபத்தைந்துதான். அதன் ரப்பர் அவ்வளவு தடிப்பு. கொஞ்சக் காற்றிலேயே விரலுக்குக் கல்லாகத் தெரிந்துவிடும், ஜமால்தீனும் நிறுத்திவிடுவார். தடியனுக்குத் தற்செயலாகச் சரியான காற்று. நடுவிலானுக்கோ மீன்பெட்டியின் காற்று. கல்லாக இறுகிய ரயர் சிப்பி ஓட்டைக் கண்டால் வளைந்து கொடுக்குமா? வெட்டு வாங்கும். குழியில் விழுந்தால் அதிர்ச்சி முழுவதையும் கைக்கும் முதுகுக்கும் அனுப்பிவைக்கும்.

“கடலில என்ன காத்து எண்டெல்லாம் எழுதினீங்கள் அக்கா,” என்றான் றுஸ்தி, “சில்லுக்குள்ள என்ன எண்டு ஒரு நிரல் போடேல்லயே!”

தனுசியாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நேரம் இரண்டேகால். எழுபது இறாத்தலுக்குக் காற்றை இறக்கினாள். துப்பட்டாவை இடுப்பில் கட்டினாள். “அரை மணித்தியாலத்தில வாறன்” என்று சொல்லி, அந்தக் கொளுத்தும் வெயிலுக்குள் இறங்கினாள்.

தாம்போதிக்கு முன்னால் கல் பெயர்ந்த தெரு ஒன்று உண்டு. அங்கேதான் தினமும் கை விறைக்கத் தொடங்கும். இன்று சைக்கிள் அதன்மேல் முனகிக்கொண்டு போனதே தவிர உதைக்கவில்லை. பாலத்தில் சோளகக் காற்று பக்கவாட்டில் தள்ளியது; சில்லு தெருவை விடவில்லை. தள்ளாடிச் சந்தியில் திரும்பும்போது அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். பத்தும் அவளுடையவையாகவே இருந்தன. வேகம் காட்டும் கருவியைப் பார்த்தாள். தடியனில் இந்தத் தெருவில் ஒருநாளும் காணாத எண் அது.

மூன்று மணிக்குக் கடைக்குள் வந்து விழுந்தவள், தண்ணீர் குடித்துவிட்டு மீன்பெட்டியில் உட்கார்ந்தாள். கொப்பியை விரித்து, நடுவிலானின் ஆறு நாள் பதிவைப் புரட்டினாள்.

“என்ன பிள்ளை, நல்லா இல்லையோ?”

“நல்லா இருக்கு, சம்மாட்டியார். அதுதான் கரைச்சல். அந்தப் பக்கம் ஆறு நாள் எழுத்து. இந்தப் பக்கம் ஒன்பது கிலோமீற்றர். ஒரு ஓட்டத்தை வச்சு முடிவெடுக்கிறவையை நான் எத்தின கூட்டத்தில ஏசியிருக்கிறன்!”

“பிழையா நிறுத்த தராசில ஆறுதரம் நிறுத்தாலும் பிழைதானே” என்றார் சம்மாட்டியார். “எனக்கு மீன் நிறுக்கத் தெரியும், ரயர் தெரியாது. நீ சொல்லு.”

தனுசியா பழைய கடிதத்தை நாலாகக் கிழித்தாள். புதுத் தாளை எடுத்தாள். எழுதினாள்:

‘ஐயா, தாங்கள் அனுப்பிய மூன்று வகையையும் ஓட்டிப் பார்த்தோம். இருபத்தெட்டு மில்லிமீற்றர் வகையில் இரண்டு சோடி அனுப்பிவைக்கவும். அவ்வகை பற்றிய ஆறு நாள் பதிவில் குறைகள் காணப்பட்டன; அவை ரயரின் குறைகள் அல்ல. காற்றின் அளவை நான் அளக்கத் தவறினேன். அதனால் அப்பதிவை நானே தள்ளுபடி செய்கின்றேன். சரியான அளவில் இன்று ஒன்பது கிலோமீற்றர் மட்டுமே ஓடியுள்ளேன். இது போதாது என்பதை அறிவேன். எனினும் இன்றைய தபாலைத் தவறவிட்டால் எனக்கு வேறு நாள் இல்லை.’

ஜமால்தீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். “என்ட பேர் இல்லையே புள்ள?”

“அளக்காதது நான்தானே, காக்கா.”

அவர் பேனாவை எடுத்தார், ஒப்பமிடாமல் வைத்தார். “அது நீதியில்ல. விரலைப் பற்றியும் ஒரு வரி போடு. கொழும்பானுக்கும் தெரியட்டும்.”

“என்னெண்டு போட?”

“உள்ளதைப் போடு.”

அவள் யோசித்து, கீழே சேர்த்தாள்: ‘பெருவிரலால் அமுக்கிக் காற்றடிக்கும் எமது தலைவரின் முறை, நாற்பத்தைந்து கிலோ மீன் சுமக்கும் சைக்கிள்களுக்கு மிகப் பொருத்தமானது. மனிதர் மட்டும் போகும் சைக்கிள்களுக்கு இன்றுமுதல் மணிக்கூடு பாவிக்கப்படும்.’

“இது எழுத்து!” என்று ஜமால்தீன் ஒப்பமிட்டார். உற்சாகத்தில் முத்திரையை இரண்டு இடத்தில் குத்தினார். ஒன்று சம்மாட்டியாரின் சேட்டுக் கையிலும் பட்டது.

மணி மூன்று நாற்பது. றுஸ்தி கடிதவுறையில் பசை தடவினான். தனுசியா மடித்து ஒட்டி, விளிம்பை நகத்தால் இரண்டு தரம் தேய்த்தாள். முகவரியை ஒருமுறை உரத்து வாசித்தாள். பிறகு சைக்கிளில் ஏறித் தபாற்கந்தோருக்குப் பறந்தாள். கந்தோரில் பை அரைவாசி கட்டியிருந்தது. கையில் கயிற்றோடு நின்ற பெண் அவளையும், வேர்வையில் ஊறிய துப்பட்டாவையும், கடிகாரத்தையும் பார்த்தாள்.

“விரைவுத் தபாலோ?”

“ஓம். எவ்வளவு விரைவு இருக்கோ அவ்வளவும்.”

அந்தப் பெண் சிரித்துக்கொண்டு உறையை நிறுத்தாள், சீட்டு ஒட்டினாள், பற்றுச்சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். கடிதம் பைக்குள் விழுந்தது, கயிறு இறுகியது.