பெரியப்பா மகள்

கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடையின் பின்கட்டில், மதியச் சாப்பாட்டு வேளையில் கொரியா ராஜாக்கள்தான் ஆட்சி செய்தார்கள். சேல்ஸ் பெண்களுக்குக் கிடைப்பதே அரைமணி நேரம். அதில் பாதி ராஜாவுக்கு, மீதி சோற்றுக்கு. தமிழில் டப் செய்த தொடரைப் போனில் இறக்கி வருகிறவள் வெள்ளச்சி. மலைமேல் கரியாலூர்ப் பெண், வீட்டுக்கு ஏறிவிட்டால் டவர் கிடைக்காது என்று டவுனிலேயே எல்லாவற்றையும் இறக்கிக்கொள்வாள். நாடகத்தோடு விடுகிறவளும் இல்லை. நடந்ததா, கட்டுக்கதையா என்று தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

"அந்த இளவரசன் சாடோ நெசமாவே இருந்தவன்டி. அவங்கப்பன், ராஜா, அவன அரிசி கொட்டி வைக்கிற மரப்பெட்டில போட்டு மூடிட்டான். எட்டு நாள்ல உள்ளயே செத்துட்டானாம்."

"இன்னா தப்பு பண்ணான்?" என்றாள் அம்சவள்ளி.

"புத்தி கலங்கிப் போயி அரமன ஆளுங்கள வெட்டிக்கினு இருந்தானாம். நல்லவன்னு சொல்ல முடியாது. ஆனா அவனுக்கு ஒரு பையன். இப்படிப்பட்டவன் புள்ள பட்டத்துக்கு வந்தா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்கல்ல? அதனால தாத்தா ராஜா அந்தப் பையன, சின்ன வயசுலயே செத்துப்போன பெரியப்பனுக்குப் புள்ளைன்னு மாத்திட்டாரு. அவந்தான் ஜொங்ஜோ. பட்டத்துக்கு வந்த அன்னிக்கே எல்லார் முன்னாடியும் இன்னா சொன்னான் தெரியுமா? நான் சாடோ இளவரசரோட மகன்னு சொன்னான்."

மற்ற பெண்கள் விசிலடிக்காத குறை. அம்சவள்ளிக்குச் சோறு இறங்கவில்லை. டிபன் பாக்ஸை மூடிவிட்டாள்.

அவள் கருணாபுரத்துப் பெண். மூட்டை தூக்கிப் பிழைத்த அப்பா காத்தான், அங்கே விஷச்சாராயம் குடித்துக் கொத்தாகச் செத்தவர்களில் ஒருவர். தெருவில் பிணங்கள் வரிசையாகக் கிடந்ததை ஊர் உலகமே டிவியில் பார்த்தது. அதற்கப்புறம் பஸ்ஸில் யாராவது "எந்த ஊரும்மா?" என்று கேட்டாலே அவளுக்கு முகம் சுண்டிவிடும். ஏதோ அவளே காய்ச்சி, அவளே ஊற்றிக் கொடுத்த மாதிரி பார்ப்பார்கள். குடித்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார், தலைகுனிவதை மகளுக்கு விட்டுவிட்டு. வந்த இரண்டு சம்பந்தமும் "அந்தச் சாராய வூடா?" என்று வாசலோடு திரும்பிப் போயின.

மூன்றாவதாக வந்தவன் தியாகதுருகம் பக்கத்து டிராக்டர் மெக்கானிக். அவனை அவளுக்குப் பிடித்துவிட்டது, அதுதான் வினை. மணலூர்பேட்டையில் கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்த பெரியப்பா இருசப்பன் ஒரு வழி சொன்னார்.

"எம் பொண்ணுன்னே சொல்லிடறேன். பெரியப்பனும் அப்பன்தானே? தாலி ஏறட்டும், அப்பால பதமா சொல்லிக்கலாம்."

அவருக்குக் குழந்தை இல்லை, அதனால் இடைஞ்சலும் இல்லை. பொய் எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் பெரியப்பா அப்பாவாகிவிட்டால் பெரியம்மா அம்மா. பெற்ற அம்மா குஞ்சம்மாள் சித்தி. இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்யவில்லை, அதுவாகவே அப்படி வந்து விழுந்தது. குஞ்சம்மாளும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்சவள்ளி அவளோடு சண்டை போட்டாவது மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள்.

நிச்சயதார்த்தம் பெரியப்பா வீட்டில். காலையில் அம்மா பின்பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அம்சவள்ளி பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தி, அவள் கேட்காமலேயே ராஜா கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே தெம்பு வந்தது.

"பாத்தியாம்மா, ராஜாவே பெரியப்பன் பேர வெச்சிக்கினுதான் இருந்திருக்கான். நேரம் வந்ததும் சொன்னான். நானும் சொல்வேன். தாலி ஏறட்டும்."

குஞ்சம்மாள் கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள். "சரி. அதுவரிக்கும் பெத்தவள அவன் இன்னான்னு கூப்ட்டான்? சித்தின்னா?"

அவள் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. கதையில் விட்டுப்போனதைக் கேட்டாள், அவ்வளவுதான். "தெரியலம்மா" என்று அம்சவள்ளி எழுந்துபோய் வெள்ளச்சிக்குப் போன் போட்டாள்.

"அவங்கம்மா அதே அரமனையிலதான்டி இருந்தா," என்றாள் வெள்ளச்சி. "புள்ள ராஜாவான பொறவும், உயிரோட இருந்த வரிக்கும் ராஜமாதா பட்டம் அவளுக்குக் கெடைக்கல. கணக்குப்படி அவன் வேற ஒருத்தர் புள்ளல்ல? ஏண்டி, விசேஷத்தன்னிக்கு இதான் உனக்குக் கவலையா?"

மாப்பிள்ளை வீட்டார் வேனிலும் நாலைந்து பைக்கிலும் வந்து இறங்கினார்கள். பெரியப்பாவும் பெரியம்மாவும் பாயில் உட்கார்ந்து தட்டு மாற்றினார்கள். தாலியறுத்தவள் என்று குஞ்சம்மாள் எப்படியும் முன்னால் வந்திருக்க மாட்டாள். அதையே அம்சவள்ளி தனக்குச் சமாதானமாகச் சொல்லிக்கொண்டாள். வெட்கங்கெட்ட சமாதானம்.

பந்தியில் ஆள் போதவில்லை. சாம்பார் வாளியோடு அம்மா வந்தாள். மாப்பிள்ளையின் தாய் நல்ல மனுஷி, நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"காலைலேர்ந்து நின்னுக்கினே இருக்கீங்களே, நீங்களும் உக்காருங்க." பிறகு பக்கத்தில் நின்ற அம்சவள்ளியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "பொண்ணு அப்படியே உங்க ஜாடை. நீங்க இன்னா ஒறவுங்க?"

சொல்லவேண்டிய வார்த்தை குஞ்சம்மாளுக்குத் தெரியாததில்லை. பெரியப்பா பத்து தடவை சொல்லிக்கொடுத்திருந்தார். ஆனாலும் அவள் மகளைப் பார்த்தாள். நீயே சொல் என்று விட்டுவிட்டாள்.

கேட்டவள் முகத்தில் சந்தேகம் எதுவும் இல்லை, பிரியம்தான் இருந்தது. உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது என்று அம்சவள்ளிக்குத் தெரிந்தது. இரண்டு இலை தள்ளி மாப்பிள்ளை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போய்விடுவானோ என்று பயந்தாள்.

"எங்க சித்திங்க," என்றாள்.

"ஆமாங்க, சித்தி," என்றாள் குஞ்சம்மாள் உடனே. குனிந்து இலையில் சாம்பாரை ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

வேன் கிளம்பியதும் அம்சவள்ளி பின்பக்கம் ஓடினாள். அம்மா அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவமானம் என்றால் என்னவென்று தனக்குத் தெரியும் என்றுதான் அம்சவள்ளி இத்தனை நாள் நினைத்திருந்தாள். கருணாபுரம் என்று சொல்லக் கூசியதெல்லாம் இதன் கால்தூசுக்கு ஆகாது.

"அம்மா," என்றாள்.

குஞ்சம்மாள் பதறிப்போய்க் கரிக்கையால் மகளின் வாயைப் பொத்தவந்து, பட்டுப்புடவையைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள். வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"மெல்லக் கூப்புடு கண்ணு. பைக்ல வந்தவங்க இன்னும் போவல."