குழாய்க்குள் வந்த கருப்பன்

...இல்லையென்றால் நீங்களே சொல்லுங்கள், தலையைப் படம் பிடிக்கிற ஸ்கேன் குழாய்க்குள் மல்லாந்து படுத்தபடியே சாமியாடியவன் ஈரேழு உலகத்திலும் என்னை விட்டால் யார், நான் போட்ட ஆட்டத்தில் மிஷினே குலவையிட்டது, பாதி மதுரைக்குக் கரண்ட் போய்விட்டது, மாட்டுத்தாவணியில் ஏறியதிலிருந்து முன் சீட்டு, பின் சீட்டு, கண்டக்டர் பையன் வரைக்கும் இதைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன், எல்லாரும் நம்பிவிட்டார்கள், பின் சீட்டு அம்மா திருநீறே கேட்டுவிட்டாள். நம்பாதவன் இந்த பஸ்ஸில் ஒரே ஒருத்தன்... ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் இருளப்பசாமி, ரிட்டயர்டு கண்டக்டர், பரளச்சிக் கருப்பனின் சாமியாடி, அதாவது நான்.

காரியாபட்டி தாண்டியாயிற்று, இரண்டு பக்கமும் கருவேலம், என் வீட்டுக்காரி பெத்தம்மாள் மாத்திரையைப் பிதுக்கி என் உள்ளங்கையில் வைக்கிறாள், இந்தாங்க, போடுங்க. போட்டால் வராதாம். மூன்று முறை கண் இருட்டி விழுந்ததற்குத்தான் இந்த ஸ்கேன், டாக்டரம்மா படத்தில் பேனா முனையை வைத்தார், தட்டப்பயறு அளவில் ஒரு தழும்பு, அங்க பொறி தட்டுதுங்கய்யா, இது ஒரு வகை வலிப்பு, சில பேருக்கு அப்ப சாமி வந்த மாதிரியே இருக்கும்... குதிரையும் அரிவாளுமாகக் கருப்பன் ஒரு தட்டப்பயறுக்குள் எப்படிக் குடியிருப்பான்? இல்லை, அதுதான் அவன் வந்துபோகிற வாசலோ? வெள்ளிக்கிழமை ஊரில் பொங்கல், அரிவாள் மேல் ஏறி நிற்க வேண்டும், மாத்திரையில்லாமல் ஏறினால் உயிருக்கே ஆபத்து என்கிறார் டாக்டரம்மா, போட்டுக்கொண்டு ஏறினால்... யார் வருவது?

"கருப்பனுக்கு ஒரு மாத்திரையெல்லாம் தடையாக்கும்? முழுங்குங்க. அவரு வாரதுன்னா வருவாரு" என்கிறாள் பெத்தம்மாள்.

அவளுக்கென்ன, முப்பத்தொரு வருஷமாக நம்பிக்கொண்டிருப்பவள். எனக்கல்லவா தெரியும், ஒரு தடவைகூட வந்ததில்லை. இந்த ரூட்டில் டிக்கெட் கிழித்தபோது காதில் விழுந்ததைத்தான் குறியாகச் சொன்னேன், எந்த வீட்டில் சண்டை, யார் பெண்ணுக்கு எங்கே வரன்... அரைக்கண் திறந்து யார் அழுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே ஆடினேன். இன்றைக்குக் குழாய்க்குள் பார்க்க யார் இருந்தார்கள்? மிஷின் உறுமி மாதிரி அடித்தது, அந்த ஏசி ரூமில் சுருட்டு வாசனை, நெஞ்சில் யாரோ கை வைத்த மாதிரி, ஏலே இருளப்பா, நானே வந்திருக்கேன், நீ எதுக்குலே ஆடணும்? ஆடவில்லை. விரல்கூட அசையவில்லை. வெளியே வந்தபோது ஸ்கேன் எடுத்த தம்பி, பெரியவரே, இவ்வளவு அசையாம யாரும் படுத்ததில்ல, படம் கண்ணாடி மாதிரி இருக்கு என்றான்.

பொறிதானா அது? பழக்கதோஷத்தில் என்னிடமே நடித்துவிட்டேனோ? இப்போது கண்ணை மூடி முயன்று பார்க்கிறேன், தோள் குலுங்குகிறது, பல் நறநறக்கிறது, எல்லாம் சொன்னபடி கேட்கிறது, வாசனை மட்டும் இல்லை, கை மட்டும் இல்லை... நடிப்பு எது என்று எனக்குத் தெரியாதா, முப்பத்தொரு வருஷம் அதைச் செய்தவனுக்கு? குழாய்க்குள் வந்தது இது இல்லை. தட்டப்பயறோ வாசலோ, இது இல்லை. மாத்திரை வியர்வையில் கரைந்து விரலிடுக்கில் வெள்ளையாகிறது.

"ஏ பெத்தம்மா... இன்னைக்கு வந்துச்சு."

"அதத்தான பஸ்ஸு முழுக்கச் சொல்லிக்கிட்டு வாரீக."

"சொன்னதெல்லாம் பொய்யி. நான் ஆடவே இல்ல. ஆனா வந்துச்சு."