அக்கா நீட்டிய கை

எனக்குக் கை வலி வந்தால் தெருவுக்கே தெரியும். காலையில் விரலை மடக்க முடியவில்லை என்று நான் போடும் கூச்சலில், மாடி வீட்டுக்காரர்கள் அலாரம் வைப்பதையே விட்டுவிட்டார்கள்.

எனக்கும் அக்காவுக்கும் சேர்த்து ஒரு பியூட்டி பார்லர். முடி வெட்டுவது நான், புருவம் எடுப்பது அக்கா. நூலை விரல்களுக்கு நடுவே முறுக்கிக்கொண்டு அவள் குனிந்தால், வந்தவருக்குக் கண்ணீர் எட்டிப் பார்ப்பதற்குள் வேலை முடிந்துவிடும். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த விரல்களுக்காக வருகிறவர்கள். மிச்சப் பேர் அவளுக்காகக் காத்திருந்து அலுத்துப்போய் என்னிடம் முடி வெட்டிக்கொள்கிறவர்கள். இதை நான் வெளியே ஒத்துக்கொள்வதில்லை.

என் கூச்சல் தாங்காமல் அக்காதான் என்னை மூட்டு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா என் விரல்களை அமுக்கிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். "ரத்தமும் பாத்துடலாம்" என்றார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. எனக்கும் ஊசிக்கும் ஆகாது.

அதற்கு எங்களுக்குள் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. எனக்குப் பிடிக்காததெல்லாம் அக்கா தலையில் விடியும். என் கசப்பு மருந்தை அவள் குடிப்பாள். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்தால், என் முறைக்கும் அவளே போய் நிற்பாள். எனக்குப் போட வேண்டிய மருந்தெல்லாம் அவள் உடம்பில்தான் இருக்கிறது.

லேப்காரர் கடைக்கே வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, நான் ஷாம்பு அலமாரிக்குப் பின்னால் இருந்தேன். அக்கா பெருமூச்சு விட்டுக் கையை நீட்டினாள். அவர் போன பிறகு வெளியே வந்து, "ஒரே வயித்துல பொறந்தவங்கதானே, ரத்தம் என்ன பெருசா மாறிடப் போகுது?" என்றேன். அதோடு அதைச் சுத்தமாக மறந்தும் போனேன்.

ரிப்போர்ட்டோடு போன அன்று டாக்டரம்மாவின் முகம் சரியில்லை.

"எக்ஸ்ரேல எலும்பு நல்லா இருக்கு. ஆனா ரத்தத்துல ஆன்ட்டி சி.சி.பி.ன்னு ஒண்ணு ரொம்ப அதிகமா இருக்கு. இது முடக்குவாதம். உடம்பு தன்னோட மூட்டையே எதிரின்னு நெனச்சு அடிக்குது."

"எலும்பு நல்லாதானே இருக்கு டாக்டர்?"

"எக்ஸ்ரே இதுவரைக்கும் ஆனதைத்தான் காட்டும். இனிமே ஆகக்கூடியதை இந்த ரத்த டெஸ்ட் சொல்லுது. இவ்வளவு இருந்தா மூட்டு அரிச்சுப்போய் விரல் கோணிக்க வாய்ப்பு ஜாஸ்தி. இப்பவே மருந்து ஆரம்பிச்சா பெரும்பாலும் தடுத்துடலாம்."

நான் ஒப்பாரியை ஆரம்பித்தேன். கத்திரிக்கோலை யார் பிடிப்பார்கள், எனக்கு யார் தலை வாரிவிடுவார்கள் என்று வரிசையாகக் கேட்டேன். என் வீட்டுக்காரர் தலை வாரினால் நான் எந்த லட்சணத்தில் இருப்பேன் என்று நினைத்தபோது அழுகை இன்னும் கூடியது. நடுவில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, பொய் சொல்வானேன். என்னை நாடகக்காரி என்றவர்களின் மூஞ்சியிலெல்லாம் அந்த ரிப்போர்ட்டை ஒட்டலாம் இல்லையா?

பக்கத்தில் அக்கா பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். என் மேல் எவ்வளவு பாசம் என்று உருகிப்போனேன்.

"அழாதீங்கம்மா. உங்க ரத்தம் முன்னாடியே சொல்லிடுச்சு, அது நல்லதுதான்" என்று டாக்டரம்மா மருந்து எழுத ஆரம்பித்தார்.

அழுகை பாதியில் நின்றது. என் ரத்தமா? என் ரத்தம் ஒரு சொட்டுக் குறையாமல் எனக்குள்ளேயே அல்லவா இருக்கிறது?

அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்கு முதலிலேயே புரிந்திருந்தது. இரண்டு கைகளையும் கைப்பைக்கு அடியில் மறைத்து வைத்திருந்தாள்.

டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இவங்களுக்கு வேண்டிய மருந்தை நீங்க முழுங்கியிருப்பீங்க. இவங்க ஒண்ணும் இல்லாம உக்காந்திருப்பாங்க. ரெண்டு பேருக்கும் அறிவு இருக்கா?" என்று எங்களைக் கிழி கிழியென்று கிழித்தார். இரண்டு பேரும் அவரவர் பெயரில் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார். பிறகு மேஜையைச் சுற்றி வந்து அக்காவின் கையைக் கேட்டார். அவள் கொடுக்கவில்லை. நான்தான் பிடித்து இழுத்து நீட்டினேன்.

விரல் முட்டிகள் வீங்கியிருந்தன. தினமும் பக்கத்திலேயே நிற்கிற எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. டாக்டரம்மா லேசாக அமுக்கினார். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"காலையில ரொம்ப இறுக்கமா இருக்குமா?"

பழக்க தோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். டாக்டரம்மா முறைத்தார்.

"சுடுதண்ணியில கைய வெச்சிருந்தாதான் நூலே பிடிக்க முடியுது" என்றாள் அக்கா. "பல நாளாவே அப்படித்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்க்கா சொல்லல? உனக்கு வாய் இல்லையா?"

"சொல்லலாம்னு வாயைத் திறப்பேன். அதுக்குள்ள நீ ஆரம்பிச்சிடுவ."

அவள் குறையாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பி ஏதாவது பேசியிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்த விரல்கள் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்று டாக்டரம்மா அவள் எதிரில் உட்கார்ந்தார். அக்கா தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். எந்த விரலில் முதலில் வலித்தது, பொத்தான் போட என்ன பாடு, சீப்பு எத்தனை தரம் நழுவியது என்று ஒவ்வொன்றாக வந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அடுத்ததாகக் காத்திருந்தவர் பொறுமையிழந்து கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"போய் உக்காருங்க!" என்று கத்தினேன். "எங்க அக்கா பேசிக்கிட்டிருக்கா!"